தமிழ் பேசும் வேலைக்குத் தமிழ் வாடை ஆகாதாம்

வந்துவிட்டது ஐயா, வந்துவிட்டது. ஒன்பது நாள் காக்கவைத்து இன்று காலை வாட்ஸ்அப்பில் பதில் வந்துவிட்டது. "ரிஜெக்டட். ரீசன்: ஹை எம்.டி.ஐ." மதர் டங் இன்ஃப்ளூயன்ஸாம். நான் வாயைத் திறந்தால் தாய்மொழி வாடை அடிக்கிறதாம்.

சரி, அடிக்கட்டும். நான் போனது எந்த வேலைக்கு? தமிழ் வாய்ஸ் ப்ராசஸ், அதாவது பி.பி.ஓ. என்கிற கால் சென்டரில் தமிழில் போன் பேசும் வேலை. தமிழ்நாட்டுக்காரன் தமிழில் திட்டுவான், அதைத் தமிழில் வாங்கிக்கொண்டு தமிழிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும். கருவாட்டுக் கடைக்கு ஆள் எடுப்பவன், "தம்பி, உன்மேல் மீன் வாடை" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பி அனுப்பிய மாதிரி இருக்கிறது.

வாக்-இன் இன்டர்வியூ போனவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லவே வேண்டாம். விடியற்காலை காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ். உட்கார இடமா, நிற்க இடம் கிடைத்ததே புண்ணியம். அம்மா ராத்திரியே இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டை, அரக்கோணம் வருவதற்குள் பக்கத்து ஆளின் இட்லிப் பொட்டலத்திலிருந்து சட்னியை வாங்கிக்கொண்டது. சென்ட்ரலில் இறங்கி, திருவான்மியூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ரெஸ்யூம் ஐந்து காப்பி, போட்டோ நாலு, ஆதார், பான், பி.காம். ஒரிஜினல். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பதினொன்றரைக்கு டோக்கன் கொடுத்தார்கள், இரண்டே காலுக்குக் கூப்பிட்டார்கள். கொண்டுபோன காகிதத்தில் ஒன்றைக்கூட எவரும் புரட்டவில்லை.

ஹெச்.ஆர். ரவுண்டு ஒன்றுமில்லை. நாற்பது பேரும் ஹார்ட் ஒர்க்கர், நாற்பது பேரும் க்விக் லேர்னர். "ஒய் பி.பி.ஓ?" என்று கேட்டார்கள். வீட்டு வாடகைக்கு என்பதுதான் நாற்பது பேரின் பதிலும். ஒருவராவது சொல்லியிருப்போமா? கம்யூனிகேஷன் ஸ்கில் வளர்த்துக்கொள்ள வந்தோமாம், கூசாமல் சொன்னோம்.

அப்புறம்தான் அந்த வாய்ஸ் டெஸ்ட்.

கண்ணாடி அறையில் ஒரு மேடம். ஹெட்செட்டைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்றார். "வேலூர் மேம்" என்றேன். இருபத்தேழு வருடமாகச் சொல்லிவரும் பதில். இதில் தப்பு வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"நோ. வெல்லூர்."

"வெல்லூர் மேம்."

"நோ நோ. யூ ஆர் சேயிங் வெல்லூர். இட் இஸ் வெல்லூர்."

எழுதிக் காட்டினால் உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே வ தான், அன்றைக்கு என் கட்சியும் அதுதான். மேடத்தின் கட்சி வேறு. மேல் பல் கீழ் உதட்டைக் கடித்தால் ஒரு வ. உதட்டைக் குவித்து ஊதினால் இன்னொரு வ. என் வ கடிக்கவும் இல்லை, குவியவும் இல்லை, நடுவில் நிற்கிறதாம். ஆமாம், நடுவில்தான் நிற்கிறது. அதற்கு அதுதான் சொந்த ஊர்!

"அகெய்ன்." வெல்லூர். "அகெய்ன்." வெல்லூர். நாலாவது தடவை மேடம் எழுந்து நின்று, தன் உதட்டைக் கடித்துக் காட்டினார். ஐந்தாவதில் என் கையில் பேப்பரைக் கொடுத்து, வாய்க்கு எதிரே பிடித்துக்கொள்ளச் சொன்னார். பேப்பர் ஆடினால் அது தப்பான வ. என் பேப்பர் ஆடியது. ஏசி காற்றில் ஆடியது என்றேன், ஏற்கவில்லை. ஏழாவதில் வெளியே காத்திருந்த ஆரணிப் பையன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தானும் உதட்டைக் கடித்துப் பழக ஆரம்பித்தான். எட்டாவது தடவை நிஜமாகவே கடித்துவிட்டேன். உப்புக் கரித்தது. "பெட்டர்!" என்றார்.

ரத்தம் வந்தால் பெட்டர். நல்லது.

அதோடு விட்டாரா? ஒரு வாக்கியம் கொடுத்தார். "வீ வேர் இன் வெல்லூர் வெரி எர்லி ஆன் வெட்னஸ்டே." ஐந்து வ. இரண்டு கடிக்கிற வ, மூன்று குவிக்கிற வ. மாற்றிப் போட்டால் மறுபடி முதலிலிருந்து. கடித்து, குவித்து, கடித்து, குவித்து, ரங்கநாதர் சத்தியமாக வாய் சுளுக்கிக்கொண்டது. ஊர்ப் பெயர் முருகன் கை வேலிலிருந்து வந்தது என்பார்கள், இல்லை, வேலமரத்திலிருந்து என்பார்கள். எதிலிருந்து வந்திருந்தாலும் பல்லால் கடித்து வந்ததாக எந்தக் கிழவனும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொன்று. எங்கள் கோட்டையில் இருந்த சிப்பாய்கள் 1806 ஜூலை 10ஆம் தேதி கலகம் செய்தது எதற்கு? புதுத் தலைப்பாகை போடு, தாடியை எடு, கடுக்கனைக் கழற்று என்று கும்பினிக்காரன் உத்தரவு போட்டதற்கு. அவன் உதட்டைத் தொடவே இல்லை, அதற்கே விடிவதற்குள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். நான்? "ஓகே மேம், ஒன்ஸ் மோர் மேம்" என்றேன். கோட்டைப் பக்கம் போகவே வெட்கமாக இருக்கிறது.

வேலையாவது புதிதா என்றால் அதுவும் இல்லை. பதினாலு மாதம் வேறு ஓர் இடத்தில் இதே தமிழ் ப்ராசஸில் குப்பை கொட்டியவன் நான். ஒரு காலுக்கு நாலு நிமிஷம், அதற்குள் முடிக்காவிட்டால் ஏ.ஹெச்.டி., அதாவது ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம், ஏறிவிட்டது என்று டீம் லீடர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒன்றுக்குப் போனாலும் சிஸ்டத்தில் ஆக்ஸ், அதாவது 'சீட்டில் இல்லை' என்ற குறி, போட்டுவிட்டுப் போக வேண்டும், திரும்பி வரும்வரை வினாடி ஓடும். பேச வேண்டிய தமிழ் ஸ்கிரிப்டில் இருக்கும். "தங்கள் சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்." எந்தத் தாய் எந்தப் பிள்ளைக்கு இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தாள்?

ஒருநாள் குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவர். "நேத்துலருந்து டவரே வரல, இன்னாதான் பண்ணிகினு கீறீங்க?" நானும் என்னை மறந்து, "போனை ஒருவாட்டி ஆஃப் பண்ணிப் போடுங்க சார், இப்ப கீதா?" என்றேன். அவர் கோபமெல்லாம் எங்கே போனதோ, "நம்ம பக்கமாப்பா நீ?" என்றார். டவரும் வந்தது. அஞ்சுக்கு அஞ்சு ரேட்டிங் போட்டுவிட்டுத்தான் வைத்தார். அந்தக் காலைத்தான் ரெக்கார்டைக் கேட்டு மார்க் போடும் குவாலிட்டிக்காரர்கள் எடுத்தார்கள். ஃபேட்டல், மன்னிக்கவே முடியாத தப்பாம். மார்க் பூஜ்யம். காரணம்: 'கீதா'. எங்கள் பக்கத்துப் பேச்சில் 'இருக்கிறதா' என்று அர்த்தம். அந்த மாத இன்சென்டிவ் அதோடு போயிற்று. கீதா என்று ஒரு பெண்ணைத் திட்டினேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

என் கூட்டாளி ஒருவன் பாகாயத்தில் வீட்டிலிருந்தே அமெரிக்க ப்ராசஸ் பார்க்கிறான். நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர இடைவெளி, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பினால் பத்தரை. அங்கே எவனோ முள்ளைத் திருப்பினால் இங்கே அவன் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றும் நேரம் மாறுகிறது. அவனாவது டாலருக்காக உதட்டைக் கடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு என்ன வந்தது? குடியாத்தத்துப் பெரியவரிடம் எந்த வ-வைக் கடித்துப் பேச?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன். 140இல் தொடங்கும் நம்பர். "வணக்கம் சார், தங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்ட் பர்சனல் லோன்..." வேலை கொடுக்க எவருமில்லை, கடன் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். ஆனாலும் கட் செய்ய மனசு வராது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத்தான் அது தெரியும். வட்டி, தவணை எல்லாம் ஒப்பித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கேட்டேன்.

"எந்த ஊர்மா நீ?"

பின்னால் நாற்பது குரல்கள் இரைந்துகொண்டிருந்தன. கொஞ்சம் தயங்கி, "ஆம்பூர்ணா" என்றது. உடனே பதறிக்கொண்டு, "சாரி, சார். சார்."

"ரெக்கார்ட் ஆவுதா?"

"ஆவுது சார்."

சிரித்துவிட்டேன். அந்தப் பக்கமும் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அப்புறம், "தங்கள் பொன்னான நேரத்திற்கு நன்றி" என்று வைத்துவிட்டது.

அது இருக்கட்டும், அந்தச் சட்டைக் கறை இரண்டு சலவைக்கும் போகவில்லை. தேங்காய்ச் சட்னியாக இருந்தால் போயிருக்கும். இது காரச் சட்னி. நிற்க இடமில்லாத ரயிலில் எவனாவது காரச் சட்னி கட்டிக்கொண்டு வருவானா ஐயா?