ஓட்டம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை
பல கணினிகளில் பிரித்து ஓட்டப்படும் சிமுலேஷன்களின் (இயற்கை நிகழ்வுகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் நிரல்களின்) முடிவுகளை, ஓட்டம் முடிந்த பிறகு, தரவைப் படமாக்கிக் காட்டும் பாராவியூ போன்ற மென்பொருளில் திறந்து பார்த்தாலே போதும் என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்கிடும் வேகம் வளர்ந்த அளவுக்கு வட்டில் எழுதும் வேகம் வளராததால், பெரிய ஓட்டங்களில் பல காலப்படிகளுக்கு (கணக்கு நேரத்தில் முன்னேறும் ஒவ்வொரு சிறு அடிக்கும் காலப்படி என்று பெயர்) ஒன்று வீதம்தான் சேமிக்க முடிகிறது. இடையில் தோன்றி மறைவது எதுவும் கோப்பில் இருக்காது. லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் கிட்வேர் நிறுவனமும் சேர்ந்து 2000-இல் தொடங்கிய அந்தப் பாராவியூவிலேயே, கணக்கீடு நடந்துகொண்டிருக்கும்போதே நினைவகத்தில் உள்ள தரவிலிருந்து படம் வரைந்து தரும் கேட்டலிஸ்ட் என்ற பகுதி இருப்பதைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை.

நான் ஒரு வெப்பப் பரவல் கணக்கை செயலிக்கு ஒரு பகுதியாகப் பிரித்து 64 செயலிகளில் ஓட்டியபோது, ஒரே ஒரு செயலியின் பகுதி ஓரத்தில் உள்ள எல்லைத் தரவு அண்டைப் பகுதிக்குப் போய்ச் சேராததை, ஓட்டத்தின்போதே வரைந்த படத்தில் தெரிந்த மெல்லிய நேர்க்கோடு காட்டிக்கொடுத்தது. வெப்பம் அப்படி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் நிற்காது. இரண்டு நாள் ஓட வேண்டியதை 40-ஆவது நிமிடத்திலேயே நிறுத்த முடிந்தது. ஆனால் எந்த மதிப்புக்கு எந்த நிறம் என்று வகுக்கும் நிற அளவுகோலை ஒவ்வொரு படிக்கும் தானாக மாற விட்டால், ஒரு படியின் 300 டிகிரியும் அடுத்த படியின் 900 டிகிரியும் ஒரே சிவப்பாகத் தெரியும். ஆகவே அதன் எல்லைகளை முன்கூட்டியே நிலையாக வைத்துவிட வேண்டும்.