குறைமாதக் குழந்தையின் நுரையீரலை ஸ்கேன் சுட்டுவிடுமா?

"குறைமாதக் குழந்தையின் நெஞ்சில் ஸ்கேன் வைத்தால் கதிர்வீச்சு நுரையீரலைச் சுட்டுவிடும், சம்மதிக்காதீர்கள்" என்றொரு குரல்பதிவு, பாம்பன் முதல் தொண்டி வரை கடலோர ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

கதிர்வீச்சைப் பயன்படுத்துவது எக்ஸ்ரே. அதுவும் மிகச் சிறிய அளவில்தான். குழந்தையின் நெஞ்சில் வைக்கும் ஸ்கேன் அல்ட்ராசவுண்ட். அந்தக் கருவி அனுப்புவது காதுக்கு எட்டாத ஒலி அலைகளை. விசைப்படகில் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் கருவியும் இதே எதிரொலி முறையில்தான் இயங்குகிறது என்பதை நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

34 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு, காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதிய அளவு சுரந்திருக்காது. இதன் பாதிப்பை அல்ட்ராசவுண்டில் கணிக்க, பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், மார்பை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுகிறார்கள், மொத்தம் 18. மதிப்பெண் கூடக்கூட நுரையீரலில் காற்று குறைவு என்று பொருள். அதைக் குழந்தையின் ஆக்சிஜன் தேவையோடு சேர்த்துப் பார்த்தே, காற்றுப்பைகள் விரிந்தே இருக்க மூக்கு வழியாகத் தொடர்ந்து தரும் காற்றழுத்தம் (சிபேப்) போதுமா, சர்ஃபாக்டன்ட் மருந்தை மூச்சுக்குழாயில் செலுத்த வேண்டுமா என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். தேவைப்படும் குழந்தைக்கு இம்மருந்து முதல் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால் பலன் அதிகம். குரல்பதிவை நம்பித் தயங்கும் பெற்றோர் இழப்பது அந்த நேரத்தைத்தான்.

கவனிக்க வேண்டியவை வேறு: குளிர்ந்த ஜெல், கிருமிநீக்கம் செய்யப்படாத கருவி. இவற்றைப் பற்றிச் செவிலியரிடம் தாராளமாகக் கேட்கலாம். எக்ஸ்ரே இனித் தேவையே இல்லை என்பதும் சரியன்று. செயற்கைச் சுவாசக் குழாய் உரிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க அது இன்றும் பயன்படுகிறது.