நகர வேண்டியது பெடல்தான்
வீட்டிலேயே கட்டும் விமானத்தைக் குள்ளமானவரும் உயரமானவரும் ஓட்ட, வால் சுக்கானைத் திருப்பக் காலால் மிதிக்கும் பெடல் எல்லோருக்கும் எட்ட, இருக்கையைத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும்படி வைத்தால் போதும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இருக்கையோடு ஆளின் எடையும் நகர்கிறதே. ஆளோடு சேர்த்து 500 கிலோ இருக்கும் விமானத்தில் 70 கிலோ ஆள் 10 செ.மீ. பின்னால் போனால் ஈர்ப்பு மையம் 1.4 செ.மீ. பின்னால் போகும், அந்த மையம் ஏற்கனவே அனுமதித்த பின் எல்லையை ஒட்டி நிற்கும் விமானத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. இருக்கையை நிலையாக வைத்து, பெடலுக்கு இரண்டு மூன்று துளை நிலைகள் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அப்புறம் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற எங்கள் கடலோர ஊரின் உப்புக் காற்று. பைபர் படகு வேலை செய்கிறவன் நான். அலுமினியத்தில் எஃகு போல்ட் போட்ட இடம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, பிறகு இறுகி அசையாமல் போவதை வழக்கமாகப் பார்க்கிறேன். இருக்கையைத் தண்டவாளத் துளையில் நிறுத்தும் பூட்டு முள்ளுக்கும் அதே கதிதான். முள் சரியாக விழாத இருக்கை விமானம் மேலேறும்போது பின்னால் சறுக்கினால், கையில் பிடித்த ஸ்டிக்கும், அதாவது விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் தண்டும், கூடவே இழுபடும். செஸ்னா என்ற அமெரிக்க நிறுவனத்தின் சிறிய விமானங்களின் இருக்கைத் தண்டவாளத்துக்கே அமெரிக்காவில் 1987இல் கட்டாய ஆய்வு உத்தரவு வந்தது. இந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், எட்டாதவர் தலையணை வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். மெத்தென்ற பஞ்சு அழுந்தினால் பெல்ட் தளர்ந்துவிடும். கெட்டியான ஃபோம்தான் வேண்டும். எதைச் செய்தாலும் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஷூவோடு பெடலைக் கடைசி வரை மிதித்து, அதே நிலையில் பிரேக்கும் எட்டுகிறதா, ஸ்டிக் தொடையில் தட்டுகிறதா என்று தரையிலேயே பார்த்துவிடுங்கள்.