அட்டவணைக்கு உங்கள் முழங்கால் தெரியாது

கடலூரில் வலுதூக்குதல் பழகும் பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். மஞ்சக்குப்பமானாலும் திருப்பாதிரிப்புலியூரானாலும், ஜிம்முக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் கைப்பேசியில் பயிற்சி அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு பாரை, அதாவது எடை மாட்டிய கம்பியை, முதுகில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போடுகிறார். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அந்த அட்டவணையை வேதவாக்காக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்று ஒரே முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வைத்து ஐந்து செட் என்று போட்டிருந்தால், முழங்கால் எவ்வளவு வலித்தாலும் போட்டே தீர வேண்டுமாம். அடுத்தவர் கண்ணுக்கு எழுதிய சீட்டை வைத்து நாம் மூக்குக்கண்ணாடி வாங்குவோமா?

வலி வந்தவுடன் இரண்டு பக்கத்திலிருந்தும் அறிவுரை வரும். ஜிம்மில் "பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கு" என்பார்கள். வீட்டில் "இனிமேல் எடையைத் தொடாதே" என்பார்கள். இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எங்களோடு பயிற்சி செய்கிறார். முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநாரில் வலி. படி இறங்கும்போது சுரீர் என்று இழுக்கும். அவருடைய அட்டவணையில் வாரத்துக்கு மூன்று நாள் ஸ்குவாட். அதை இரண்டாகக் குறைத்தோம். எடையைப் பாதியாக்கி, மூன்று வினாடி எடுத்து மெதுவாக இறங்கச் சொன்னோம். பின்னால் ஒரு பலகையை வைத்து, வலி பெரிதாகாத உயரம் வரை மட்டும் உட்கார்ந்து எழுந்தார். பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை. ஆனால் மறுநாள் காலையில் அது கூடியிருக்கக் கூடாது. இதுதான் அவருக்கு வைத்த கணக்கு. பாரைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் வலிக்கவில்லை, அதனால் அதில் கை வைக்கவில்லை. தசைநாருக்கு முழு ஓய்வு கொடுத்தால் அதன் தாங்கும் சக்தியும் குறைந்துவிடும். அளவான சுமையை மெதுவாகக் கொடுத்தால்தான் அது தேறும். பலகையின் உயரம் படிப்படியாக இறங்கி, இப்போது போட்டி விதிப்படி இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே போகும் ஆழத்துக்கு வந்துவிட்டார். நைட் ஷிஃப்ட் வாரத்தில் செட்டுகளைக் குறைத்துக்கொள்கிறார். தூக்கம் கெட்ட உடம்பிடம் சதவீதக் கணக்கு பேசிப் பயனில்லை.

தோள் வலிப்பவர் பாரைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே, மேல்முதுகுத் தசையின் உச்சியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்யலாம். பெஞ்சில் படுத்துப் பாரை மேலே அழுத்தும் பெஞ்ச் பிரஸ்ஸில் பிடியைக் குறுக்கலாம், இல்லாவிட்டால் தரையில் படுத்தே அழுத்தலாம். குனிந்தால் இடுப்பு பிடிக்கிறதென்றால், டெட்லிஃப்டில் கால்களை அகல வைத்துத் தூக்கும் சுமோ முறை இருக்கிறது. போட்டியிலும் அதற்கு அனுமதி உண்டு. பாரைத் தரையிலிருந்து எடுக்காமல் கட்டைமேல் உயர்த்தி வைத்தும் தொடங்கலாம். ஆனால் கால் மரத்துப்போவது, பாதம் வலுவிழப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது போன்றவை இருந்தால் ஜிம்மில் யாரிடமும் யோசனை கேட்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

செட் முடிந்ததும், இன்னும் எத்தனை முறை தூக்கியிருக்க முடியும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று முறை மிச்சமிருந்தால் சரியான எடை. ஒன்றும் மிச்சமில்லையென்றால், அட்டவணை என்ன சொன்னாலும் அன்றைக்கு எடையைக் குறைத்துவிடுங்கள். கத்திரி வெயிலில், நம் கடற்கரைப் புழுக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே தூக்குகிறோம். குளிரூட்டிய கூடத்தில் பயிற்சி செய்பவருக்கு எழுதிய எண் இங்கே அப்படியே பொருந்த வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஜிம் நடத்தும் அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பல இடங்களில் 2.5 கிலோவுக்குக் குறைந்த பிளேட்டே இல்லை. இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரே தாவலில் 5 கிலோ கூடிவிடுகிறது. 100 கிலோ தூக்குபவருக்கு அது பொருட்டில்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் 30 கிலோ அழுத்தும் ஒரு பெண்ணுக்கு அது ஆறில் ஒரு பங்கு ஏற்றம். காயத்திலிருந்து தேறி வருபவருக்கும் அதே கதிதான். எத்தனையோ ஆயிரம் கொடுத்து மெஷின் வாங்குகிறீர்கள். அத்துடன் 1.25 கிலோ பிளேட் இரண்டு ஜோடியும் வாங்கிப் போடுங்கள்.