திரவ நைட்ரஜனில் நேராகப் போட்டால் போதுமா?

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துத் தாவரவியல் மாணவர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: "நெல் இலைத் துண்டைத் திரவ நைட்ரஜனில் நேராகப் போடுங்கள். மைனஸ் 196 டிகிரி. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாதிரி தயார்." இது தவறு.

திரவ நைட்ரஜன் அதன் கொதிநிலையிலேயே இருக்கிறது. இலை பட்டதும் சுற்றிலும் வாயுப் படலம் எழும். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் உருண்டோடுவதும் இதனால்தான். படலம் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். இலை மெதுவாகக் குளிரும். பனிப்படிகங்கள் வளர்ந்து செல்சவ்வைக் கிழிக்கும். நுண்ணோக்கியில் வலைவலையாகத் தெரிவது இலையின் அமைப்பல்ல, படிகங்கள் விட்ட ஓட்டைகள். இலையை அரைத்து டிஎன்ஏ எடுக்க நைட்ரஜன் போதும்; அங்கே செல் உடையத்தான் வேண்டும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

மெல்லிய மாதிரிக்கு, நைட்ரஜனால் குளிரவைத்த திரவ ஈத்தேன் வேண்டும். அது மைனஸ் 183-இல் உறையும், மைனஸ் 89-இல்தான் கொதிக்கும். ஆகவே படலம் எளிதில் எழாது. ஆனாலும் சுமார் 10 மைக்ரோமீட்டர் ஆழம்வரைதான் நன்றாக உறையும். நெல் இலை அதைவிடத் தடிமன். அதற்கு உயர் அழுத்த உறைவிப்பே வழி: சுமார் 2,100 பார் அழுத்தத்தில், 200 மைக்ரோமீட்டர் தடிமன்வரை உறையவைக்கலாம். நெல் வேரின் காற்றறைகள் அந்த அழுத்தத்தில் நசுங்கும். முதலில் அவற்றை 1-ஹெக்சாடெசீன் என்ற திரவத்தால் நிரப்புங்கள்.

உறைந்த நிலையிலேயே ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதானால், மாதிரி மைனஸ் 140-க்கு மேல் சூடேறக் கூடாது. இடுக்கியின் நுனியையும் முன்பே நைட்ரஜனில் குளிரவையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஈத்தேன் தீப்பற்றும், நைட்ரஜன் மூச்சடைக்கும்: மூடிய அறையில் இரண்டையும் தொடாதீர்கள்.