வக்காவுக்குப் பகலில் கண் தெரியாதா?

வக்கா என்பது இரவில் இரை தேடும் கொக்கு வகை. ஒருவர், ஆந்திராவில் சூலூர்ப்பேட்டை அருகே உள்ள நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த இரண்டு வக்காப் படங்களைப் போட்டு, 'கறுப்புத் தலை வக்கா ஆண், பழுப்பு நிறத்தது பெண். பகலில் கண் தெரியாததால்தான் மரத்திலேயே உட்கார்ந்திருக்கும்' என்று எழுதியிருக்கிறார். படங்கள் அருமை, விளக்கம் தவறு.

வக்காவில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தப் பழுப்புப் பறவை, உடலெல்லாம் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கிறதே, அது இளம் பறவை. கறுப்பு உச்சி, சாம்பல் இறக்கை, சிவப்புக் கண், பிடரியில் நீளும் வெள்ளைத் தூவி எல்லாம் வந்துசேர இரண்டு மூன்று வருடமாகும். நானும் முதலில் அதை மடையான் என்ற இன்னொரு பழுப்புக் கொக்கு என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் கண். மடையானைக் குருட்டுக்கொக்கு என்கிறோமே, அந்தப் பெயர் இங்கே ஒட்டிக்கொண்டதோ என்னவோ! மடையானுக்கும் கண் நன்றாகவே தெரியும். வக்கா பகலில் ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். மற்ற கொக்குகள் அடையத் திரும்பும் நேரத்தில் 'வக், வக்' என்று கத்திக்கொண்டே இரைக்குக் கிளம்பும். கூட்டில் குஞ்சுகள் பசியோடு இருக்கும் காலத்தில் பட்டப்பகலிலும் மீன் பிடிக்கும். சூலூர்ப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் அந்தச் சமயத்தில் நேலப்பட்டு ஏரிக்கரையில் நின்று பாருங்கள்.