லீவில ஷோர்ட் கோர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு வீட்டுக்காரர் நேரம் குடுக்கோணும்

அமெரிக்காவில படிக்கிற என்ர சித்தியின்ர மகள் கோல் எடுத்து, "அக்கா, வின்டர் செஷனில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கட்டோ, மூண்டு கிழமையில முடிஞ்சிடும்" எண்டு கேட்டவள். எடு, ஆனா அந்த மூண்டு கிழமையும் வேற ஒண்டையும் தலையில போடாத எண்டு சொன்னன். இங்க வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் டிசம்பர் லீவுக்கு கோர்ஸ் தேடுற பிள்ளையளுக்கும் எனக்குச் சொல்ல இருக்கிறது இதுதான்.

அமெரிக்காவில குளிர்கால லீவுக்க நடக்கிற இந்த வின்டர் செஷனில, 15 கிழமை செமஸ்டரில ஓடுற 3 கிரெடிட் பாடத்தைத்தான் 3 கிழமைக்குள்ள நெருக்கி வைக்கினம், கிழமைக்கு அஞ்சு நாள் வகுப்பெண்டா மொத்தமே 15 நாள், அப்ப ஒரு நாள் காய்ச்சலெண்டு படுத்தா ஒரு கிழமைப் பாடம் போச்சு. எங்கட நாட்டுப் படிப்புத் தகுதியளை வரையறுக்கிற எஸ்எல்கியூஎஃப் கணக்கில பாத்தாலும் ஒரு கிரெடிட்டுக்கு லெக்சர், வாசிப்பு, அசைன்மென்ட் எல்லாம் சேத்து 50 மணித்தியாலம். 3 கிரெடிட்டுக்கு 150. அதை 21 நாளால பிரிச்சுப் பாருங்கோ, ஞாயிறும் விடாம நாளைக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல வருது.

நானும் கம்பஸ் லீவில ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் இப்பிடிப் படிச்சனான், எனக்கு நல்லாப் பிடிச்சது. காலமை ரிக்ரெஷன் படிப்பிச்சா பின்னேரம் அதே டேட்டாவை வைச்சு ஆர் எண்ட கம்ப்யூட்டர் மென்பொருளில செய்து பாக்கலாம், எரர் வந்தா அடுத்த நாளே கேக்கலாம், செமஸ்டரில எண்டா அடுத்த கிழமை மட்டும் காத்திருக்கோணும், அதுக்குள்ள கேள்வியே மறந்துபோகும்.

ஆனா எனக்குப் பக்கத்தில இருந்த பிள்ளை ஒஃபிஸ் வேலையோட வந்தவ. கெட்டிக்காரி. லெக்சர் நடக்க நடக்க மேசைக்குக் கீழ போனில மெசேஜுக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பா. ஸ்டாண்டர்ட் எரர் படிப்பிச்ச அண்டைக்கு அவவின்ர கொப்பியில பாதி ஃபோர்முலாவும் பக்கத்தில ஒரு இன்வொய்ஸ் நம்பரும்தான் கிடந்தது. அடுத்த நாள் கொன்ஃபிடன்ஸ் இன்டர்வல், அதுக்கு ஸ்டாண்டர்ட் எரர் விளங்கியிருக்கோணும், பிறகு ஹைபோதிசிஸ் டெஸ்ட், அதுக்கும் அப்பிடித்தான். இடையில விட்டிட்டுப் போயிட்டா. அவவுக்கு மூளையில குறையில்லை, நேரம்தான் கிடைக்கேல்லை, எனக்கு இப்பவும் அது மனசுக்குக் கஷ்டம்.

இன்னொண்டு, கெதியாப் படிச்சது கெதியா மறக்கும். இடைவெளி விட்டுப் படிக்கிறதுதான் கூட மனசில நிக்கும் எண்டு ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885 லேயே தன்னில பரிசோதிச்சு எழுதியிருக்கிறார். அதால கோர்ஸ் முடிஞ்ச பிறகும் கிழமைக்கு ஒருக்காலெண்டாலும் கொப்பியைத் திறந்து கணக்குச் செய்யுங்கோ.

வீட்டில இருக்கிற பெரியாக்களே, "லீவுதானே" எண்டு கலியாண வீட்டு அலுவல், ஊருக்குப் போற அலுவல், தம்பிக்கு ஓஎல் மெத்ஸ் சொல்லிக் குடுக்கிறது எல்லாத்தையும் அந்தப் பிள்ளையின்ர தலையில கட்டாதேங்கோ, பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் இது கூட நடக்குது. திருவெம்பாவைக்கு விடிய எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, நல்ல விஷயம். வீட்டுக்கு வந்தாப் பிறகு அந்தப் பகலை அவளிட்ட விடுங்கோ. வேலைக்குப் போறாக்கள் முதல்ல ஒஃபிஸில லீவைக் கேட்டு எடுத்திட்டு அதுக்குப் பிறகு காசைக் கட்டுங்கோ, லீவு தராட்டி சனி ஞாயிறில ஆறுதலா நடக்கிற வகுப்பில சேருங்கோ.